புள்ளி விழுந்த இலை

ஆவணித் தூறல் விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தால் போதும், காலிங்கராயன் வாய்க்கால் ஓரத்து மஞ்சள் தோட்டங்களில் அது தெரிய ஆரம்பித்துவிடும். இடுப்புயரம் வளர்ந்து பாத்தியை மூடி நிற்கும் செடி. நேற்று வரை மாசில்லாமல் இருந்த அகன்ற இலையில் கடுகளவு பழுப்பு. சில நாட்களில் அது நீள்வட்டமாக விரிந்து நான்கைந்து சென்டிமீட்டர் வரை நீளும். நடுப்பகுதி சாம்பல் நிறமாக வெளுத்து, மெலிந்து, கடைசியில் கிழிந்து விழும். ஓரத்தில் அடர்பழுப்பு, அதைச் சுற்றி மஞ்சள் வளையம். கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்தச் சாம்பல் நடுவில் கறுப்புப் பொட்டுகள் வட்டம் வட்டமாக அமைந்திருப்பது தெரியும். ஒவ்வொரு பொட்டிலும் நுண்ணிய முள்மயிர்கள் குத்திட்டு நிற்கும். அவற்றின் நடுவே பிறை வடிவ வித்துக்கள் அடைந்திருக்கும். அடுத்த மழைத்துளி அங்கே விழுந்து தெறித்தால் அவை பக்கத்து இலைக்குப் போய்ச் சேரும்.

இந்தப் புள்ளியைப் போடும் பூஞ்சைக்கும் கோவைக்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட உறவு உண்டு. சைதாப்பேட்டையிலிருந்து வேளாண்மைக் கல்லூரி கோவைக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. இங்கே மிளகாய்ச் செடியில் எடுத்த பூஞ்சைக்கு 1913-ல் சிடோவ் என்ற ஜெர்மானிய அறிஞர் பெயர் சூட்டினார். மிளகாயின் தாவரப் பெயரே அதன் பெயரில் ஒட்டிக்கொண்டது: கொலிட்டோடிரைக்கம் காப்சிசி என்று பின்னால் வழங்கியது அதுதான். 1917-ல் வில்லியம் மெக்ரே அதே பூஞ்சை மஞ்சள் இலையில் புள்ளி போடுவதை அன்றைய கோவை மாவட்டத்திலிருந்து பதிவு செய்தார். ஈரோடும் பவானியும் அப்போது கோவை மாவட்டத்துக்குள்தான் இருந்தன. உலகம் இன்று மஞ்சள் இலைப்புள்ளி நோய் என்று எழுதுவதன் முதல் பக்கம் நம் தோட்டத்தில் எழுதப்பட்டது. மிளகாய்க்குப் பக்கத்தில் மஞ்சள் போடாதீர்கள் என்று வயதானவர்கள் சொல்வதில் காரணம் இருக்கிறது.

நோயின் வரலாறு இப்படித் தெளிவாக இருக்கிறது. அந்த நோய் மஞ்சளில் இருக்கும் மருந்தை என்ன செய்கிறது என்ற கேள்விதான் என்னை வெகுகாலமாக விடவில்லை. மஞ்சளில் நாம் விலை பேசுவது மண்ணுக்குள் இருக்கும் கிழங்குக்கு. புள்ளி விழுவது இலையில். பெருந்துறை விற்பனைக்கூடத்தில் வியாபாரி விரலி மஞ்சளை ஒடித்து உள்நிறத்தைப் பார்க்கிறார். ஏற்றுமதிக்காரர் ஆய்வகத்துக்கு அனுப்பி, மஞ்சளுக்கு நிறமும் மருந்துக் குணமும் தரும் குர்குமின் எத்தனை விழுக்காடு என்று கேட்கிறார். இலை எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க இலையும் அங்கே இல்லை. அறுவடைக்கு முன்பே தாளை அறுத்தாகிவிட்டது.

ஆனால் அந்த மஞ்சள் நிறத்தின் கரி (கார்பன்) அத்தனையும் இலை வழியாகத்தான் வந்தது. லக்னோவில் உள்ள மருந்து, நறுமணத் தாவர ஆய்வு நிறுவனத்தில் இதை அழகாகக் காட்டினார்கள். மஞ்சள் இலைக்குக் கதிரியக்கக் கரிவளியைக் கொடுத்து, அது செடிக்குள் எங்கெங்கே போகிறது என்று தேடியபோது, குர்குமினிலும் வாசனை எண்ணெயிலும் அதன் தடம் கிடைத்தது. 2000-ல் வெளியான ஆய்வு அது. இலை காற்றிலிருந்து பிடித்த கரி, சர்க்கரையாகிக் கீழே இறங்கி, கிழங்கில் மருந்தாக உட்கார்கிறது. கிழங்கு தானாக எதையும் சம்பாதிப்பதில்லை.

சர்க்கரையிலிருந்து குர்குமின் வரை போகும் பாதையின் நடுவில் ஒரு பொருள் இருக்கிறது. ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம். நம் உடம்பால் இதைச் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும், செடி செய்துகொள்கிறது. இதிலிருந்து அம்மோனியாவைப் பிரித்தெடுக்கும் ஒரு நொதி உண்டு. அந்த நொதி வேலை செய்யும் இடத்திலிருந்து பாதைகள் கிளை பிரிகின்றன. ஒரு கிளையில் போனால் லிக்னின், அதாவது செல்சுவரை மரமாக்கும் பொருள். இன்னொரு கிளையில் பூஞ்சையை எதிர்க்கும் ஃபீனால் சேர்மங்கள். மற்றொரு கிளையில், இரண்டு துண்டுகளை நடுவில் ஒரு சிறு கரிச்சங்கிலி வைத்து இணைத்தால் குர்குமின். மஞ்சளில் இந்த இணைப்பைச் செய்யும் நொதிகளை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2009-ல் கண்டறிந்தார்கள்.

ஆக, எல்லாச் செலவும் ஒரே குதிரிலிருந்துதான். வீட்டில் இருப்பது ஒரு குதிர் நெல் என்றால் விதைக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், விருந்துக்கும் அதிலிருந்துதான், காவலுக்கு நிற்பவனுக்குப் படியளப்பதும் அதிலிருந்துதான். இலையில் பூஞ்சை இறங்கியதும் செடி காவலுக்கு அளக்கத் தொடங்குகிறது. புள்ளியைச் சுற்றி இருக்கும் செல்களில் அந்த நொதி வேகம் பிடிக்கிறது, ஃபீனால்கள் கூடுகின்றன, சுவர்கள் தடிக்கின்றன. அதே வேளையில் பச்சையம் குறைகிறது, சர்க்கரை குறைகிறது. வரவு சுருங்கும் நாளிலேயே செலவு ஏறுகிறது. மூலிகைச் செடிகளின் இலைநோயைப் பற்றி எந்த நாட்டில் ஆராய்ந்தாலும் பெரும்பாலும் இந்த இரட்டை மாற்றம்தான் முதலில் கண்ணில் படும்: சர்க்கரை கீழே, ஃபீனால் மேலே.

இங்கேதான் ஒரு மயக்கம் பிறக்கிறது. ஃபீனால் மேலே போகிறது என்றால் மருந்தும் மேலே போகிறது என்றுதானே பொருள்? நோய் வந்த செடிக்கு வீரியம் அதிகமாகத்தானே இருக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. இதில் பாதி உண்மை இருக்கிறது. 1940-ல் முல்லர், போர்கர் என்ற இரு ஜெர்மானியர்கள் உருளைக்கிழங்கில் கருகல் நோயை ஆராய்ந்தபோது, தாக்கப்பட்ட திசு அதுவரை தன்னிடம் இல்லாத எதிர்ப்புப் பொருளைப் புதிதாகச் செய்துகொள்கிறது என்று சொன்னார்கள். ஃபைட்டோஅலெக்சின் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பிறகு அப்படிப்பட்ட பொருட்கள் நூற்றுக்கணக்கில் கண்டறியப்பட்டன. திராட்சை இலையில் கிடைக்கும் ரெஸ்வெரட்ரால் அவற்றில் ஒன்று. அதை இன்று மாத்திரையாக விற்கிறார்கள். செடிகளிலிருந்து நாம் மருந்து என்று எடுத்துக்கொள்ளும் பெரும்பாலான பொருட்கள் செடி தன்னைத் தின்ன வருகிறவர்களுக்கு எதிராகச் செய்துகொண்டவை. குர்குமினே பூஞ்சைக்கு ஆகாத பொருள்தான். நமக்காக எந்தச் செடியும் மருந்து செய்யவில்லை.

மீதிப் பாதியைப் பார்க்கக் கணக்குப் போட வேண்டும். ஒரு ஏக்கரில் காய்ந்த மஞ்சள் 20 குவிண்டால், குர்குமின் 4 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அந்த ஏக்கர் தந்த மருந்து 80 கிலோ. பக்கத்து ஏக்கரில் இலைப்புள்ளி முற்றி, கிழங்கு சரியாகப் பருக்காமல் 12 குவிண்டால்தான் வந்தது. ஆனால் குர்குமின் 4.5 விழுக்காடு காட்டுகிறது என்றே வைப்போம். மருந்து 54 கிலோ. ஆய்வகச் சீட்டில் இரண்டாவது ஏக்கர் ஜெயிக்கிறது. நிலத்தில் தோற்றது அதுதான். விழுக்காடு ஏறியதற்குக் காரணம் மருந்து கூடியது என்றும் இருக்கலாம். கிழங்கில் மாவு நிறையாததால் மருந்தின் பங்கு பெரிதாகத் தெரிகிறது என்றும் இருக்கலாம். விழுக்காடு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. நோய் இன்னும் முற்றினால் அந்த விழுக்காடும் சரிந்துவிடும். இலை முழுக்கக் கருகிய பிறகு எதை வைத்து எதைச் செய்வது?

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு வேலை இந்த இடத்தில் வெளிச்சம் தருகிறது. இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசானை மஞ்சள் இலையில் தெளித்தார்கள். அந்த ஓட்டில் இருக்கும் கைட்டின்தான் பூஞ்சையின் செல்சுவரிலும் இருக்கிறது. கைட்டோசான் பட்ட இலை, பூஞ்சை வந்துவிட்டது என்று எண்ணி எதிர்ப்புக்குத் தயாராகிறது. ஆனால் தின்பதற்கு உண்மையான பூஞ்சை எதுவும் இல்லை. விளைச்சலும் கூடியது, குர்குமினும் கூடியது என்று 2016-ல் வெளியிட்டார்கள். எனக்கு இது பெரிய செய்தி. செடியில் மருந்தைக் கூட்டுவது எச்சரிக்கை. நோய் செய்வது அந்த மருந்துக்கான முதலைத் தின்பது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, புள்ளி விழுந்தால் விழட்டும், வீரியம் கூடும் என்று யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது.

பூஞ்சைகளும் எல்லாம் ஒரே குணம் உள்ளவை அல்ல. மஞ்சளில் இலைத்தீயல் என்று இன்னொரு நோய் உண்டு. டாஃப்ரினா மாகுலன்ஸ் என்ற பூஞ்சையால் வருவது. இலையின் இருபக்கமும் சிறுசிறு கட்டங்களாக அழுக்கு மஞ்சள் நிறத்தில் தொடங்கிச் செம்பழுப்பாகும். அது உயிருள்ள செல்லோடு ஒட்டி வாழ்ந்து சத்தை உறிஞ்சும். கொலிட்டோடிரைக்கம் முதலில் சத்தமில்லாமல் உள்ளே தங்கும், பிறகு கொல்லும். அல்டெர்னேரியா என்ற இன்னொரு பூஞ்சை முதலிலேயே நஞ்சைப் பாய்ச்சிக் கொன்றுவிட்டுச் செத்த திசுவைத் தின்னும். எதிரி யார் என்பதைப் பொறுத்துச் செடி எழுப்பும் அபாயக்குரல் மாறுகிறது. உயிரோடு ஒட்டி வாழ்பவனுக்கு எதிராகப் பொதுவாகச் சாலிசிலிக் அமிலத்தின் வழி, கொன்று தின்பவனுக்கு எதிராக ஜாஸ்மோனிக் அமிலத்தின் வழி. சாலிசிலிக் அமிலத்தின் நெருங்கிய உறவுதான் நாம் தலைவலிக்குப் போடும் ஆஸ்பிரின். ஆகவே 'இலைநோய் வந்தால் மருந்து கூடுமா, குறையுமா' என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்கிறவரை நம்ப வேண்டாம். எந்தச் செடி, எந்தப் பூஞ்சை, எந்த மாதம், எத்தனை இலை போனது என்று திருப்பிக் கேளுங்கள்.

ஈரோட்டிலிருந்து தெற்கே வந்தால் நிலம் மாறிவிடும். காங்கயம், தாராபுரம், மூலனூர். வாய்க்கால் தண்ணீர் பின்னால் போய்விட, கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலமும் முள்கிளுவை வேலியும் வரும். அந்த முள்கிளுவையின் மேல் பற்றிப் படர்ந்து ஏறுகிறது கண்வலிக் கிழங்கு. செங்காந்தள் என்று நாம் மாநிலப் பூவாக வைத்திருப்பது அதைத்தான். மூலனூர், ஒட்டன்சத்திரம், கள்ளிமந்தையம் பக்கத்தில் அது பணப்பயிர். விதையிலும் கிழங்கிலும் கோல்ச்சிசின் என்ற மருந்துப்பொருள் இருக்கிறது. விதை வெளிநாட்டு மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. மூட்டில் யூரிக் அமிலம் படிந்து வரும் வாத வலிக்குக் காலங்காலமாகக் கொடுத்துவந்த மருந்து. 2023-ல் அமெரிக்க மருந்துத் துறை, மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கவும் குறைந்த அளவில் அதைக் கொடுக்க அனுமதித்தது. மூலனூர்க் காட்டில் காய்க்கும் காயின் பெறுமதி அப்படி.

அதைக் காய்க்க வைப்பது லேசான வேலை இல்லை. பூவின் சூல்தண்டு அடியிலேயே மடங்கி, மகரந்தத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். தானாக மகரந்தம் சேர்வது குறைவு. அதனால் காலை வெயிலில் ஆட்கள் போய்ப் பூ பூவாகக் கையால் மகரந்தத்தைத் தொட்டு வைக்கிறார்கள். ஐப்பசியில் பூ நெருப்பாகச் சிவந்து நிற்கும் அந்த நாட்களில்தான் மழையும் பனியும் வரும். அவற்றோடு அல்டெர்னேரியா கருகலும் வரும். இலை நுனி பற்றுக்கம்பியாக நீண்டு கிளுவையைச் சுற்றிப் பிடித்திருக்கும். பழுப்பு வட்டங்கள் இலையெங்கும் விழுந்து, ஒன்றோடொன்று கூடி, ஒரு வாரம் மேகமூட்டமாக இருந்தால் கொடி கீழிருந்து மேல்வரை காய்ந்துவிடும். காய் கொடியில் பச்சையாகத் தொங்கும். விதை முற்ற இன்னும் பல வாரம் வேண்டும். ஊட்ட இலை இருக்காது. அப்படி ஒரு காட்டில் காலையில் மகரந்தம் தொட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கை நிறுத்தாமல் சொன்னார்: "பூ நல்லாத்தானுங்க பூத்துச்சு. எலை கருகிப்போனா காயி எங்கிருந்துங்க தேறும்? சண்டு வெதையத்தான் பொறுக்கோணும்."

இந்தச் செடியில் என்னைத் திகைக்க வைப்பது வேறொன்று. கோல்ச்சிசின் கடும் நஞ்சு. கிழங்கு கொஞ்சம் உள்ளே போனாலே மனித உயிர் போய்விடும். ஆடு மாடுகளும் நெருங்காது. செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்களைக் கட்டும் டியூபுலின் என்ற புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு, செல் பிரியாமல் நிறுத்துவதுதான் அதன் வேலை. இவ்வளவு பெரிய ஆயுதம் கையில் இருந்தும், இலையில் இறங்கும் பூஞ்சையை அந்தச் செடியால் தடுக்க முடியவில்லை. காரணம் எளியது: பூஞ்சையின் டியூபுலின் வேறு அமைப்பு, கோல்ச்சிசின் அதில் சரியாக ஒட்டாது. அந்த நஞ்சு மேய வருகிற விலங்குக்காகச் செய்தது. மனிதர்களும் இங்கே ஒரு பாடம் படித்துவிட்டார்கள். கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி பூஞ்சையின் டியூபுலினைக் குறிவைத்து வேலை செய்வது. பல பூஞ்சைகளுக்கு எமன். அல்டெர்னேரியாவுக்கு அதுவும் பலிக்காது. அதனால்தான் கண்வலிக் காட்டில் மான்கோசெப் என்ற வேறு பூஞ்சைக்கொல்லியைத் தெளிக்கச் சொல்கிறார்கள். கடைக்காரர் கொடுக்கும் ஏதோ ஒரு பொடியை வாங்கி அடித்தவர்கள் பணத்தையும் பருவத்தையும் சேர்த்து இழந்திருக்கிறார்கள்.

கோல்ச்சிசின் எங்கிருந்து தொடங்குகிறது தெரியுமா? அதே ஃபினைல்அலனினிலிருந்து, கூடவே டைரோசின் என்ற அதன் உறவு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இதன் உற்பத்திப் பாதையைத் துப்பறிந்து 2020-ல் வெளியிட்டார்கள். அவர்கள் அதற்குத் தேர்ந்தெடுத்த செடி நம் செங்காந்தள்தான். காலிங்கராயன் வாய்க்கால் ஓரத்து மஞ்சளும் மூலனூர்க் கொறங்காட்டுக் கண்வலியும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு செடிகள். ஒன்றின் மருந்து சாப்பாட்டில் தினம் சேர்கிறது. இன்னொன்றின் மருந்தை மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுக்க வேண்டும். இரண்டும் ஒரே மூலப்பொருளில் தொடங்குகின்றன. இலை கருகும்போது இரண்டுக்கும் அடைபடுவது அதே ஊற்றுதான்.

இலையே மருந்தாக இருக்கும் செடிகளில் கதை இன்னும் நேரடியானது. வேலியோரத்து ஆடாதொடையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இலையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்துத்தான் இருமல் மருந்துகளில் வரும் ப்ரோம்ஹெக்சின் உருவானது. துளசியின் வாசனை எண்ணெய் இலைத்தோலின் மேல் இருக்கும் நுண்ணிய சுரப்பி மயிர்களில் தங்கியிருக்கிறது. பூஞ்சை அந்தத் தோலைத் தின்றால் சுரப்பியும் சேர்ந்து போகும். கஷாயத்துக்குப் பறிக்கும்போது புள்ளி விழுந்த இலையையும் சேர்த்துப் போட்டால், சட்டியில் வேகுவது செடி மட்டும் அல்ல. புள்ளியில் பூஞ்சையும் இருக்கிறது, அது செய்த பொருட்களும் இருக்கின்றன. அல்டெர்னேரியா ஆல்டெர்னேட்டா என்பது அல்டெர்னாரியால், டெனுவாசோனிக் அமிலம் என்று தன் சொந்த நஞ்சுகளைச் செய்யும் பூஞ்சை. நோய்க்கு மருந்தடித்த இலை என்றால் அந்த மருந்தின் எச்சமும் கூட வரும். மூலிகை என்றாலே பக்கவிளைவு இல்லை என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். போகக் கூடாத இடம் இது.

பழைய வைத்தியத்துக்கு இது தெரிந்திருந்தது. ஆயுர்வேத ஆசான் சரகரின் நூல், மூலிகை பறிப்பதைப் பற்றிச் சொல்லும்போது, தீயாலும் நீராலும் காற்றாலும் பூச்சியாலும் கெடாத செடியாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறது. எந்த நிலம், எந்தப் பருவம் என்றும் கேட்கிறது. நம் ஊரில் கை மருந்து செய்த ஆத்தாக்கள் யாரும் அந்த நூலைப் படித்தவர்கள் இல்லை. ஆனால் ஆடாதொடை பறிக்கும்போது இலையைத் திருப்பிப் பார்த்து, புள்ளி இருந்தால் அங்கேயே போட்டுவிட்டு அடுத்த கொம்புக்குப் போவார்கள். அந்தத் திருப்பிப் பார்த்தலில் ஒரு முழு அறிவு இருந்தது. இப்போது மூலிகை காய்ந்து, பொடியாகி, டப்பாவில் வருகிறது. திருப்பிப் பார்க்க இலை இல்லை.

இந்த இடத்துக்கு வந்த பிறகுதான் எனக்கு ஒன்று தெளிவானது. மூலிகையைப் பற்றி நாம் பேசும் முறையிலேயே ஒரு குறை இருக்கிறது. மஞ்சளுக்கு இந்தக் குணம், நிலவேம்புக்கு இந்தக் குணம் என்று அட்டவணை போடுகிறோம். பெயரைச் சொன்னால் குணம் வந்துவிடும் என்று நம்புகிறோம். வேளாண்மையிலும் அதே நம்பிக்கை: ஈரோடு உள்ளூர் ரகத்துக்கு எக்ஸ் கதிர் பாய்ச்சி உருவாக்கிய பி.எஸ்.ஆர்.1 ரகத்தை 1986-ல் பவானிசாகர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது, குர்குமின் 4.2 விழுக்காடு என்று கையேட்டில் இருக்கும். அந்த எண் பொய் இல்லை. ஆனால் அது அந்த ரகத்தால் முடியும் என்பதைச் சொல்கிறது. உங்கள் தோட்டத்தில், அந்த ஆண்டில், புரட்டாசி மழையில், மூன்றாவது நான்காவது இலையில் எத்தனை புள்ளி விழுந்தது என்பதைப் பொறுத்துத்தான் முடிந்ததா இல்லையா என்பது முடிவாகும். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மண்ணையும் ஊரையும் அது அங்கீகரிக்கிறது, மகிழ்ச்சி. அந்த மண்ணில் அந்தச் செடி எப்படி வாழ்ந்தது என்பதை எந்தக் குறியீடும் இதுவரை கேட்கவில்லை.

மருத்துவ குணம் பெயரில் தங்கியிருக்கும் சொத்து அல்ல. ஒரு செடி ஒரு பருவம் முழுக்க வெயிலோடும் ஈரத்தோடும் பகையோடும் வாழ்ந்து சேர்த்தது அது. நன்றாக வாழ்ந்த செடிதான் நல்ல மருந்து. பகையே இல்லாமல் ஊட்டி வளர்த்தால் எதிர்ப்புப் பொருளைச் சேர்க்க வேண்டிய தேவை செடிக்குக் குறையும்; பகை மிஞ்சினால் சேர்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது. இந்த இரண்டுக்கும் நடுவில் செடியை நிறுத்தி வைப்பது விவசாயியின் கண். அந்தக் கண்ணுக்கு நாம் விலை கொடுப்பதில்லை. கோவையில் ஒரு டப்பா மஞ்சள் மாத்திரையை வாங்கும்போது சுத்திகரித்த ஆலைக்குக் கொடுக்கிறோம், டப்பாவுக்குக் கொடுக்கிறோம், விளம்பரத்துக்குக் கொடுக்கிறோம். ஆவணியில் குனிந்து இலை திருப்பிப் பார்த்தவருக்குப் போவது கடைசி மிச்சம். மருந்து உருவான இடத்தில் நின்றவர் அவர் ஒருவர்தான்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. பூஞ்சை காய்ந்த தாளிலும் கிழங்கின் செதிலிலும் தங்கி அடுத்த வெள்ளாமைக்குக் காத்திருக்கும். நோய் கண்ட தோட்டத்தில் விதைமஞ்சள் எடுக்காதீர்கள். நடும் முன் விதையை மான்கோசெப் கரைசலில் அரை மணி நேரம் ஊறப் போடுங்கள். ஆடி முடிந்ததும் வாரம் ஒருமுறை உள்பாத்திக்குள் இறங்கி நடங்கள், வரப்பில் நின்று பார்த்தால் தெரியாது. முதல் புள்ளி இலைகளைக் கிள்ளி எடுத்து எரித்துவிட்டால் பாதித் தெளிப்பு மிச்சம். வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் விற்பனைக்கூடங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: குர்குமின் அளவு எழுதும் சீட்டில், அந்தத் தோட்டத்தில் இலை எந்த மாதம் வரை பச்சையாக நின்றது என்று இன்னொரு வரி சேருங்கள். ஐந்து ஆண்டு சேர்த்தால், இலைநோய்க்கும் மருந்துக்கும் உள்ள கணக்கு கொங்கு நாட்டின் சொந்தக் கணக்காகக் கிடைக்கும். வேறு நாட்டு ஆய்வகத்தின் கணக்கைக் கடன் வாங்க வேண்டியிராது. மூலிகை வாங்கும் நீங்களும் அந்த வரியைக் கேளுங்கள். வாங்குகிறவர்கள் கேட்டால்தான் அது சீட்டில் ஏறும்.